மேகம் ஏன் சிவந்தது?

லண்டனில் ஒரு பழைய ஓவியக் கூடத்துக்குள் நீங்கள் நுழைவதாக வைத்துக்கொள்ளுங்கள். எதிரே, இருநூறு வருடங்களுக்கு முந்தைய வாட்டர் கலர் ஓவியம் ஒன்று. ஆறு, கரையில் பாழடைந்த ஒரு சர்ச், மேலே பரந்த வானம். மேகங்களில் செம்மண்ணைக் கரைத்துத் தடவினாற்போல் லேசான சிவப்பு. 'அடடா, என்ன அழகான சாயங்காலம்!' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த படத்துக்கு நகர்கிறீர்கள்.

ஒரு நிமிஷம்! அது சாயங்காலமே இல்லாமல் இருக்கலாம். ஓவியர் வரைந்தது, மழை வரப்போகிற ஒரு நடுப்பகலாக இருக்கலாம்!

பிறகு சிவப்பு எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? அது புதிதாக வரவில்லை. கூட இருந்த நீலம் போய்விட்டது, அவ்வளவுதான்.

அந்தக் கால இங்கிலாந்து ஓவியர்கள் மழை மேகத்துக்குச் சாம்பல் நிறம் வேண்டுமென்றால், இரண்டு வண்ணங்களைக் கலப்பார்கள். ஒன்று 'இண்டிகோ' - அவுரிச் செடியிலிருந்து எடுக்கிற நம்ம ஊர் நீலம்தான். இன்னொன்று 'இந்தியன் ரெட்' - இரும்புத் துரு ஜாதியைச் சேர்ந்த சிவப்பு. இரண்டும் சேர்ந்தால் அருமையான சாம்பல் நிறம் வரும். ஆனால், இரும்புத் துரு எதற்கும் அசைந்து கொடுக்காது. செடியிலிருந்து வந்த நீலமோ வெளிச்சம் பட்டுப்பட்டு, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகும். கடைசியில் மிஞ்சுவது சிவப்பு மட்டும். நாம் அதைப் பார்த்துவிட்டு 'சாயங்காலம்' என்கிறோம்!

(அந்த நீலத்துக்குப் பின்னால் வேறொரு கதையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் சந்தைக்குப் போன அவுரி நீலத்தில் பெரும்பங்கு வங்காளத்தில் விளைந்தது. நெல் போட வேண்டிய நிலத்தில் அவுரியைப் போடச் சொல்லி, வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் விவசாயிகளை அடித்து உதைத்தார்கள். பொறுத்துப் பார்த்த விவசாயிகள் 1859-ல் கிளர்ந்து எழுந்தார்கள். இங்கிலாந்து வானத்தின் நீலத்துக்கு யார் யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள்!)

இந்த 'சிவந்த மேக' விபத்துக்குப் பெரிதாகப் பலியானவர் தாமஸ் கிர்டின். பெயர் பரிச்சயமில்லையா? அவருடைய சிநேகிதர் பெயர் கட்டாயம் தெரிந்திருக்கும் - டர்னர்! இருவரும் 1775-ல் லண்டனில் பிறந்தவர்கள். டர்னர், ஒரு முடிதிருத்துபவரின் மகன். கிர்டின், பிரஷ் செய்து விற்றவரின் மகன்.

பையன்கள் இருவருக்கும் இருபது வயதுகூட நிரம்பாத சமயத்தில், டாக்டர் மன்ரோ என்பவர் வீட்டில் வேலை கிடைத்தது. டாக்டர், லண்டனில் புகழ்பெற்ற பெத்லெம் மனநோய் மருத்துவமனையின் வைத்தியர். ஓவியப் பித்து வேறு! ஜான் ராபர்ட் கோஸன்ஸ் என்கிற அற்புதமான வாட்டர் கலர் ஓவியர் மனநிலை பாதிக்கப்பட்டு மன்ரோவின் பராமரிப்பில் இருந்தார். அவருடைய ஸ்கெட்ச்சுகளைப் பிரதி எடுப்பதுதான் பையன்களின் வேலை. சாயங்காலம் போய், மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார வேண்டும். கிர்டின் கோடு போடுவார். டர்னர் அதன்மேல் வண்ணத்தைக் கரைத்துவிடுவார். டர்னருக்கு ஒரு ராத்திரிக்கு மூன்றரை ஷில்லிங் கூலி. பிற்காலத்தில் உலகமே கொண்டாடப்போகிற ஒரு கலை, கிட்டத்தட்ட 'ஹோம் வொர்க்' எழுதுவது போலத்தான் ஆரம்பித்தது.

1802-ல் கிர்டின் இறந்துபோனார். வயது 27. 'கிர்டின் உயிரோடு இருந்திருந்தால் நான் பட்டினிதான் கிடந்திருப்பேன்' என்கிற அர்த்தத்தில் டர்னர் சொன்னதாக ஒரு கதை உண்டு. சிநேகிதன் அப்படிப்பட்ட திறமைசாலி! ஆனால், கிர்டினின் படங்கள் பலவற்றில் அந்த அவுரி நீலம் வெளுத்துப் போய்விட்டது. இன்று நாம் பார்ப்பது அவர் வரைந்ததில் பாதிதான்.

சரி, வாட்டர் கலருக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? ஆயில் பெயின்ட்டில் இப்படி ஆவதில்லையா? ஆகும். ஆனால், இவ்வளவு சுருக்கில் ஆகாது. ஆயில் ஓவியத்தில் வண்ணம் கனமாக அப்பியிருக்கும். எண்ணெய் அதைப் போர்த்தியிருக்கும். மேலே வார்னிஷ் வேறு. வாட்டர் கலரில் வண்ணப்பொடியையும் பிசினையும் தண்ணீரில் கரைத்து, தாளின்மேல் நீர்மோர் மாதிரி ஓடவிடுகிறார்கள். தண்ணீர் காய்ந்ததும் மிஞ்சுவது மெல்லிய படலம். வெளிச்சம் அதற்குள் புகுந்து, வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பி, நம் கண்ணுக்கு வருகிறது. வாட்டர் கலருக்கென்றே இருக்கும் அந்த உள்ளொளிக்குக் காரணம் இதுதான். அது அழிவதற்கும் இதுவேதான் காரணம்! போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை என்று ஒரே வண்ணத்தை வெளிச்சம் இரண்டு முறை தாக்குகிறது.

இது தெரியாமலே ஒரு தேசம் வாட்டர் கலர் பைத்தியம் பிடித்து அலைந்தது. ஆரம்பத்தில் வண்ணத்தைக் கல்லில் அரைத்து, பிசின் சேர்த்து, சிப்பியில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய ரோதனை! ரீவ்ஸ் சகோதரர்கள் அதைச் சின்னச் சின்ன வில்லைகளாக்கினார்கள். (ஸ்கூலில் நாம் எச்சில் தொட்டுக் கரைத்தோமே, அந்த வில்லைக்குத் தாத்தா!) 1781-ல் அதற்கு லண்டன் கலைச் சங்கத்தின் வெள்ளிப் பரிசு கிடைத்தது. அதன்பிறகு பட்டாளத்து அதிகாரி, பாதிரியார், பிரபு வீட்டுப் பெண்கள் என்று யாரைப் பார்த்தாலும் கையில் வண்ணப்பெட்டி! ராயல் அகாடமி மட்டும் இந்தத் தண்ணி வண்ணக்காரர்களை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தது. ரோஷம் வந்து, 1804-ல் அவர்கள் தனியாகச் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். 1832-ல் வின்ஸர் அண்டு நியூட்டன் கம்பெனி வந்தது. கிளிசரின் சேர்த்து, தொட்டதும் கரைகிற வண்ணம் செய்து விற்றது.

அந்த வின்ஸர் ஒருநாள் டர்னரிடம் தயங்கித் தயங்கி, 'ஐயா, நீங்கள் வாங்கும் சில வண்ணங்கள் நிற்காது... வெளுத்துவிடும்' என்றாராம். டர்னர் சுள்ளென்று, 'வண்ணம் செய்வது உன் வேலை. அதை என்ன செய்வது என்பது என் வேலை' என்கிற மாதிரி பதில் சொல்லி அனுப்பிவிட்டாராம். நிஜமாக நடந்ததோ, பிறகு யாராவது கட்டிவிட்டதோ... ஆனால், வெளுத்துப்போகும் சிவப்புகளை டர்னர் தாராளமாகப் பயன்படுத்தினார் என்பது உண்மை.

அந்தச் சிவப்புகளில் பேர்போனது 'கார்மைன்'. சப்பாத்திக் கள்ளியில் வாழும் ஒரு குட்டிப் பூச்சியை உலர்த்திப் பொடி செய்து எடுப்பது. மெக்ஸிகோ சரக்கு. ஸ்பெயின்காரர்கள் கையில் இருந்த வியாபாரம். 'நாமே வளர்த்தால் என்ன?' என்று ஒரு ஆசாமிக்கு ஆசை வந்தது. எங்கே தெரியுமா? நம்ம சென்னையில்! டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்கிற கம்பெனி வைத்தியர், சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். பூச்சியும் 1795-ல் பிரேசிலிலிருந்து இந்தியா வந்து சேர்ந்தது. ஆனால், வந்தது மட்ட ரகம். வண்ணம் கொடுத்ததைவிட, தென்னிந்தியாவில் இருந்த கள்ளியைத் தின்று தீர்த்ததுதான் அதிகம். ஆண்டர்சன் சிலை இன்றைக்கும் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் இருக்கிறது. போனால் பாருங்கள்.

விஷயத்துக்கு வருவோம். 1851-ல் டர்னர் இறந்தார். அவர் வீட்டிலிருந்து தேசத்துக்கு வந்த தாள்களை எண்ணிய கலை விமர்சகர் ரஸ்கின், பத்தொன்பதாயிரத்துக்கும் மேல் என்றார். 1857-ல் ஆரம்பித்து மாதக்கணக்கில் உட்கார்ந்து, அவற்றைத் தரம் பிரித்தார். நல்லவற்றில் நானூறைச் சட்டம் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே தள்ளுகிற மாதிரி பெட்டிகளுக்குள் வைத்தார். மற்ற இடங்களில்? சுவரில் மாட்டி, பெரிய பெரிய ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள்.

1886-ல்தான் வெடித்தது சண்டை. ராபின்சன் என்கிற நிபுணர், 'தி டைம்ஸ்' பத்திரிகையில் எழுதினார். மகாராணியின் ஓவியங்களைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரி அவர். சாரம் இதுதான்: 'வாட்டர் கலர்களை இப்படி வெளிச்சத்தில் மாட்டி வைப்பது அவற்றைக் கொலை செய்வதற்குச் சமம்!' ஓவியர்கள் கொதித்தார்கள். வாட்டர் கலர் ஓவியர்களின் சங்கங்களில் ஒன்றுக்குத் தலைவரான லின்டன், 'சுத்த அபத்தம்' என்று கச்சை கட்டி இறங்கினார். கடிதத்துக்கு மேல் கடிதம்! பழைய படங்களைத் திரட்டி, 'பாருங்கள், எங்கே வெளுத்திருக்கிறது?' என்று கண்காட்சியே நடத்திவிட்டார்கள்.

ஓவியர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. 'வாங்கி மாட்டினால் வெளுத்துவிடும்' என்று டைம்ஸிலேயே வந்துவிட்டால், யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அவர்களுக்கு அது வயிற்றுப் பிரச்னை. அதோடு, 'யாரும் பார்க்காமல் இருட்டில் பூட்டி வைக்கவா படம் வரைகிறோம்?' என்கிற கேள்வியிலும் நியாயம் இருந்தது. ஆனால், நியாயம் வேறு, ரசாயனம் வேறு!

அரசாங்கம் இரண்டு பேரிடம் பொறுப்பைக் கொடுத்தது. ரஸ்ஸல் என்கிற வேதியியல் அறிஞர். ஆப்னி என்கிற ராணுவ கேப்டன் - புகைப்பட ரசாயனத்தில் புலி. இருவரும் செய்தது ரொம்ப எளிமையான வேலை. தாள் பட்டைகளில் வண்ணங்களைப் பூசினார்கள். கண்ணாடிக் குழாய்களில் செருகினார்கள். ஒவ்வொன்றிலும் பாதியை வெளிச்சம் படாமல் மூடினார்கள். தெற்குப் பார்த்த சுவரில் தொங்கவிட்டு, ஒன்றரை வருஷத்துக்கும் மேல் காத்திருந்தார்கள்!

1888-ல் ரிப்போர்ட் வந்தது. ராபின்சன் சொன்னது சரி. வெளிச்சம்தான் குற்றவாளி. அதிலும் நீலம், ஊதாப் பக்கத்துக் கதிர்கள்தான் மோசம். சிவப்பு ஒளி அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. கூட்டாளிகளும் உண்டு - காற்றும் ஈரமும். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட குழாய்களில் பெரும்பாலான வண்ணங்கள் அப்படியே இருந்தன. கார்மைன் முதல் வரிசையில் காலி. இண்டிகோவும் தேறவில்லை. காவி, இந்தியன் ரெட், கோபால்ட் நீலம் போன்றவை கல் மாதிரி நின்றன. ஆக, சிவந்த மேகத்தின் ரகசியம் அரசாங்க முத்திரையோடு வெளியாகிவிட்டது.

நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளையோ வாட்டர் கலர் பழகுகிறீர்களா? இதே பரீட்சையை வீட்டிலேயே செய்யலாம். உங்களிடம் இருக்கும் வண்ணங்களை ஒரு தாளில் பட்டை பட்டையாகப் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் வரும் ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து அட்டையை எடுத்துப் பாருங்கள். ட்யூபில் அச்சடித்திருக்கும் 'பர்மனன்ட்' சமாசாரமெல்லாம் தெரிந்துவிடும். குறிப்பாக 'அலிஸரின் கிரிம்ஸன்' என்கிற சிவப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். லண்டன் வெயிலுக்கே அவ்வளவு என்றால், நம்ம ஊர் சித்திரை வெயிலும் கடற்கரைப் புழுக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்!

ரிப்போர்ட் வந்த பிறகும் அந்தக் கேள்வி அப்படியேதான் இருந்தது. காட்டினால் அழியும். காட்டாவிட்டால் எதற்கு வைத்திருக்க வேண்டும்? ஒருமுறை வெளுத்த வண்ணத்தை இருட்டில் வைத்தால் திரும்பி வராது. இந்த வருஷம் பட்ட வெளிச்சத்தோடு அடுத்த வருஷத்து வெளிச்சமும் கணக்கில் சேரும். நீங்களும் நானும் ஆசையாகப் பார்ப்பதற்காகப் போடும் விளக்கிலேயே, நம் பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டியதில் கொஞ்சம் செலவாகிறது. இன்று மியூசியங்களில் வாட்டர் கலருக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் அனுமதி என்று வைத்திருக்கிறார்கள். உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் என்றால், இது எவ்வளவு மங்கல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் சில மாதங்களுக்குத்தான். பிறகு பல வருஷம் பெட்டிக்குள் ஓய்வு.

இந்தச் சிக்கலுக்கு ஒரு தனி மனிதர் சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹென்றி வான் என்று பெயர். தொப்பி வியாபாரத்தில் பணம் சேர்த்த குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, படங்களைச் சேர்த்தார். 1900-ம் வருஷம் அவருடைய உயில்படி, எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து தேசிய ஓவியக் கூடத்துக்கு 38 டர்னர் வாட்டர் கலர்கள் போய்ச் சேர்ந்தன. டப்ளினில் இருக்கும் அயர்லாந்து கூடத்துக்கு 31.

கூடவே ஒரு நிபந்தனை. இந்தப் படங்களை வருஷத்தில் ஜனவரி மாதம் மட்டும்தான் காட்ட வேண்டும். டிக்கெட் கிடையாது, எல்லோருக்கும் இலவசம்!

ஏன் ஜனவரி? நாம் இங்கே பொங்கல் வைக்கும் நேரத்தில், எடின்பரோவில் எட்டரை மணி வாக்கில் விடிந்து, நாலு மணிக்கெல்லாம் மங்க ஆரம்பித்துவிடும். வருஷத்திலேயே வெளிச்சம் மிக அற்பமாக இருக்கும் மாதங்களில் ஒன்று அது. இருட்டையே காவல்காரனாகப் போட்டார் மனிதர்! மின்விளக்கு வந்து, ஜன்னல் வெளிச்சத்தை நம்பியிருக்கத் தேவையில்லாமல் போன பிறகும், எடின்பரோவில் அந்த நிபந்தனையை மாற்றவில்லை. குளிரில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள். படங்களும் வரைந்த புதிதில் இருந்த பளபளப்பை அவ்வளவாக இழக்காமல் இருக்கின்றன.

2025-ல் டர்னர் பிறந்து 250 வருஷம். அந்த ஜனவரியில் இரண்டு ஊர்க்காரர்களும் முதன்முறையாகப் பண்டமாற்று செய்துகொண்டார்கள். டப்ளின் டர்னர்கள் எடின்பரோவுக்கு வந்தன. எடின்பரோ டர்னர்கள் கடல் தாண்டி டப்ளினுக்குப் போயின. அங்கேயும் ஒரே மாதம்தான். 31-ம் தேதி சாயங்காலம், மறுபடி பெட்டிக்குள்.