பால் காய்ச்சிய பித்தளை

"பாத்திரத்துக்கு ஈயம் பூசலையோ, ஈயம்!"

எவர்சில்வர் வருவதற்கு முந்தைய தமிழ்நாட்டுத் தெருக்களில் அவ்வப்போது கேட்ட குரல் அது. மரத்தடியில் சின்னக் குழி தோண்டி, துருத்தியைப் பொருத்தி, கரியை மூட்டி ஈயம் பூசுகிறவர் உட்கார்ந்துவிட்டால் தெருப் பிள்ளைகள் சுற்றி நின்றுவிடுவார்கள். பித்தளைத் தவலையும் அடுக்கும் குழித் தீயில் காயும். காய்ந்ததும் நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெண்புகை எழும். ஈயக் குச்சியை உள்ளே ஓர் இழுப்பு இழுத்துவிட்டுக் கந்தல் துணியால் சுழற்றித் துடைத்தால், மஞ்சளாக இருந்த உட்புறம் வெள்ளி போல ஆகிவிடும். அடுத்த பாத்திரம்.

அவர் பூசியது வெள்ளீயம். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் வெள்ளீயத்துக்கும் காரீயத்துக்கும் பொதுவாக நிற்பதால் இன்றைய வாசகர்கள் பயந்துவிடுகிறார்கள். வெள்ளீயம் சாப்பாட்டுக்குப் பெரிய கெடுதல் செய்யாத உலோகம், காரீயம்தான் நஞ்சு. ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் வெள்ளீயம்தான், வாங்கியவர் ஏமாறாதவரையில்.

பூச்சு எதற்கு என்று எந்தப் பாட்டியைக் கேட்டாலும் பதில் வந்திருக்கும்: களிம்பு ஏறும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. புளி பட்டால் செம்பு கரைந்து சாப்பாட்டில் இறங்கும். வாயில் கைக்கும், வயிற்றைப் புரட்டும். அதனால் குழம்பு கல்சட்டியில், ரசம் ஈயச்சொம்பில், தயிர் மண்சட்டியில் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருந்தது. வேதியியல் படிக்காத சமையலறை இவ்வளவும் தெரிந்து வைத்திருந்தது பெரிய விஷயம்.

பாலைப் பற்றி மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பால் புளிக்காது, கைக்காது, நிறம் மாறாது. ஈயம் தேய்ந்து உள்ளே மஞ்சள் தெரிந்த பாத்திரத்திலும் பால் காய்ந்தது. காய்ந்த பால் அதிலேயே ஆறியது, அதிலேயே இருந்தது.

கல்கத்தாவில் சென் என்ற மருத்துவர் 1887ல் குழந்தைகளின் ஈரல் நோய் ஒன்றைப் பற்றி எழுதினார். அதன் போக்கு ஒரே மாதிரி இருந்தது. ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தை. அதுவரை நன்றாகக் கொழுகொழுவென்று வளர்ந்தது. திடீரென்று சிடுசிடுப்பு, பசியின்மை, லேசான காய்ச்சல். வயிறு பெருக்கும். விலாவுக்குக் கீழே விரலை வைத்தால் ஈரல் கல் போலத் தட்டுப்படும், விளிம்பு கூராக இருக்கும். பிறகு மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர், சில மாதங்களில் மரணம். ஆங்கில மருத்துவம் பின்னாளில் இதற்கு 'இந்தியக் குழந்தைப் பருவ ஈரல் சுருக்கம்' என்று பெயர் வைத்தது. தமிழர்களுக்கு அது 'குலைக்கட்டி', 'ஈரல் குலைக்கட்டி'.

அந்தப் பெயர் அக்காலப் பத்திரிகை வாசகர்களுக்குப் பழக்கமானது. சென்னையின் ஜம்மி வேங்கடரமணய்யா நிறுவனத்து 'லிவர் க்யூர்' விளம்பரங்கள் அதை வீடுதோறும் கொண்டுபோயின. மயிலாப்பூர்ப் பக்கம் ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் ஜம்மி கட்டடம் என்பது ஊருக்கே அடையாளமாக இருந்தது. ஒரு நோய்க்கு இவ்வளவு பெரிய மருந்து வியாபாரம் நடந்தது என்றால் எத்தனை வீடுகளில் அந்தப் பயம் இருந்திருக்கும் என்று நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மருத்துவர்களைக் குழப்பியது, நோய் யாருக்கு வந்தது என்பதுதான். பஞ்சப் பட்டினிக் குழந்தைகளுக்கு வந்திருந்தால் சத்துக்குறைவு என்று முடித்திருப்பார்கள். இதுவோ நடுத்தரக் குடும்பத்து நோய். பால் வாங்க வசதி உள்ள வீடு, அதிலும் சைவச் சாப்பாட்டு வீடு. பிராமணக் குடும்பங்கள் பட்டியலில் துருத்திக்கொண்டு தெரிந்தன. முஸ்லிம், கிறிஸ்தவக் குழந்தைகளிடம் அரிதாகவே காணப்பட்டது. ஒரே வீட்டில் அண்ணனுக்குப் பின் தம்பியும் அதே நோயில் போவது உண்டு. அதனால் பரம்பரை என்றார்கள் சிலர். வைரஸ் என்றார்கள் சிலர். கடலைப் பிண்ணாக்கில் வளரும் பூஞ்சணத்தின் நஞ்சு என்று மைசூரிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கல்யாணம், கோத்திரம், தாயின் உணவு எல்லாம் விசாரணைக்கு வந்தன.

சென்னைக் குழந்தை மருத்துவத்தின் முன்னோடி எஸ்.டி. ஆச்சார், வி. பாலகோபால ராஜு, ஸ்ரீராமாச்சாரி ஆகியோரோடு சேர்ந்து 1960ல் அமெரிக்காவின் 'ஜர்னல் ஆஃப் பீடியாட்ரிக்ஸ்' இதழில் இந்த நோயைப் பற்றி எழுதினார். அதற்கு ஐந்து வருடம் முன்பே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு இதற்கென்று ஒரு துணைக்குழு போட்டு அறிக்கை வாங்கியிருந்தது. நோயின் தோற்றமும் படிகளும் நுண்ணோக்கியில் அது தெரியும் விதமும் துல்லியமாகப் பதிவாயின. காரணம் மட்டும் அகப்படவில்லை. ஈரல் சாரம், ஸ்டீராய்டு, காமா குளோபுலின் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து குழந்தையின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. பால் பாத்திரம் அடுப்பில் அப்படியே இருந்தது. சாதியையும் மதத்தையும் குறித்துக்கொண்டவர்கள் அடுக்களைக்குள் எட்டிப் பார்க்க வெகுகாலம் ஆயிற்று.

திருப்பம் ஒரு சாயத்தில் வந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பெர்னார்ட் போர்ட்மனும் அவர் கூட்டாளிகளும் இக்குழந்தைகளின் ஈரல் திசுவில் ஆர்சின் என்ற சாயத்தை ஏற்றிப் பார்த்தபோது, உயிரணுக்களுக்குள் கரும்பழுப்பாகத் துகள்கள் தெரிந்தன. செம்பு தங்கியிருப்பதற்கான அடையாளம் அது. 1978ல் அதை வெளியிட்டார்கள். மறு வருடமே புணே நகரின் கே.இ.எம். மருத்துவமனையும் பிரிட்டிஷ் மருத்துவர் ஸ்டுவர்ட் டேனரும் சேர்ந்து திசுவை அளந்தே பார்த்துவிட்டார்கள். காய்ந்த ஈரல் திசுவில் கிராமுக்கு 50 மைக்ரோகிராம் செம்பு இருந்தால் அது சாதாரணம். இந்தக் குழந்தைகளின் ஈரலில் பல நூறு, சில இடங்களில் ஆயிரக்கணக்கில் இருந்தது.

செம்பு எங்கிருந்து வந்தது? புணேயில் அனந்த் பண்டித், ஷீலா பவே ஆகியோர் தாய்மார்களிடம் கேட்ட கேள்விகள் எளிமையானவை. தாய்ப்பால் எத்தனை மாதம்? மாட்டுப்பால் எப்போது தொடங்கினீர்கள்? எதில் காய்ச்சினீர்கள்? எதில் வைத்திருந்தீர்கள்? நோய் வந்த குழந்தையையும் வராத குழந்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விடை தெளிவாக இருந்தது. பிறந்த சில வாரங்களிலேயே மாட்டுப்பாலோ எருமைப்பாலோ தொடங்கிய வீடுகள். அந்தப் பாலைப் பித்தளையில் காய்ச்சி, பித்தளையிலேயே வைத்திருந்த வீடுகள். 1983ல் 'லான்செட்' இதழில் இது வெளியாயிற்று.

புளிக்காத பால் எப்படிச் செம்பை இழுத்தது என்பதையும் பிறகு சோதித்தார்கள். பாலில் உள்ள கேசீன் என்ற புரதத்துக்குச் செம்பைப் பற்றிக்கொள்ளும் குணம் உண்டு. சூடான பால் பாத்திரத்தில் நிற்க நிற்க, சுவரிலிருந்து செம்பு பாலுக்குள் ஏறுகிறது. பெரியவர்கள் குடித்தால் ஈரல் அதைப் பித்தநீரில் தள்ளி வெளியேற்றிவிடும். பச்சைக் குழந்தைக்கு அந்த வழி சரியாகத் திறந்திருப்பதில்லை. போதாததற்கு, பிறக்கும்போதே குழந்தையின் ஈரலில் பெரியவர்களைவிடப் பல மடங்கு செம்பு சேமிப்பு இருக்கிறது. முதல் சில மாதங்களில் அது மெல்லக் குறைய வேண்டும். குறைய வேண்டிய காலத்தில் பாட்டில் பாட்டிலாகக் கூடிக்கொண்டே போயிற்று.

ஏழை வீட்டுக் குழந்தை தப்பியதன் மர்மமும் இதில் பாதி அவிழ்கிறது. மண்பானை வீட்டில் பித்தளைக்கு வழி இல்லை. பால் வாங்கக் காசு இல்லாததால் தாய்ப்பாலே நெடுநாள் ஓடியது. வசதி என்று நினைத்து ஊட்டியதே வினையான கதை இது.

எல்லாவற்றையும் பாத்திரத்தின் தலையில் கட்டிவிட முடியாது என்பவர்களும் இருந்தார்கள், அவர்களிடமும் நியாயம் இருந்தது. ஊரெல்லாம் பித்தளை புழங்கிய காலத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் இது வரவில்லையே? செம்பு சார்ந்த நோய்களின் ஆராய்ச்சியில் பேர்போன அமெரிக்க மருத்துவர்கள் ஷீன்பெர்க், ஸ்டெர்ன்லீப் இருவரும் 1994ல் மசாசூசெட்ஸின் மூன்று ஊர்களை எடுத்துக் காட்டினார்கள். அங்கே குடிநீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருந்தும் சிறு குழந்தைகளில் ஒருவர்கூட ஈரல் நோயில் இறந்திருக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஆஸ்திரியாவிலிருந்து பதில் மாதிரி ஒன்று வந்தது. ஆல்ப்ஸ் மலைப் பகுதியான டிரோலில், 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் ஏறத்தாழ இதே நோயில் இறந்திருந்ததை இன்ஸ்புருக் மருத்துவர்கள் பழைய பதிவேடுகளிலிருந்து தொகுத்தார்கள். புளி தெரியாத, கோத்திரம் கேள்விப்படாத மலை விவசாயிகள். அவர்கள் பசும்பாலை ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுத்திருந்தார்கள். நோய் சில குடும்பங்களில் மட்டும் திரும்பத் திரும்ப வந்ததால், பரம்பரையில் ஏதோ பலவீனமும் செம்பும் சேர்ந்தால்தான் இது நேர்கிறது என்று முடிவு கட்டினார்கள். செம்புப் பாத்திரங்கள் போய் வேறு பாத்திரங்கள் வந்ததும் டிரோலில் நோயும் போய்விட்டது. 'இந்திய' என்ற முன்னொட்டைச் சுமந்த நோய்க்கு இந்தியா மட்டும் சொந்தமில்லை என்பதும் உறுதிப்பட்டது. இந்த இரு காரணச் சேர்க்கைதான் இன்றுவரை பொருத்தமான விளக்கம். அண்ணன் தம்பி இருவரும் போனதற்கும், அடுத்த வீட்டுக் குழந்தை பிழைத்ததற்கும் அது இடம் கொடுக்கிறது.

புணேயில் இரண்டு வழிகளில் வேலை நடந்தது. காமாலை முற்றுவதற்கு முன் வந்து சேர்ந்த குழந்தைகளுக்குப் பெனிசிலமின் கொடுத்தார்கள். உடம்பிலிருந்து செம்பைச் சிறுநீர் வழியாக இழுத்து வெளியேற்றும் மருந்து அது. உடம்பில் செம்பு தேங்கும் பரம்பரை நோயான வில்சன் நோய்க்காக 1956ல் ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய மருத்துவர் கொண்டுவந்தது. மரணம் நிச்சயம் என்றிருந்த நோயில் பிழைத்து வளர்ந்த பிள்ளைகளை மருத்துவர்கள் முதன்முறையாகப் பார்த்தார்கள். இன்னொரு வழி அதைவிட மலிவானது: குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுங்கள், பித்தளையில் பால் காய்ச்சாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்வது. நோய் மளமளவென்று குறைந்தது.

தமிழ்நாட்டில் அந்தப் பிரசாரத்துக்கு அவசியம் ஏற்படுவதற்குள் எவர்சில்வர் முந்திக்கொண்டது. புளியால் கறுக்காதது, ஈயம் பூச வேண்டாதது, சாம்பல் போட்டுத் தேய்த்தால் பளபளப்பது என்று பெண்கள் அதை ஆசையாக வாங்கினார்கள். பழைய துணிக்கு எவர்சில்வர் டம்ளர் கொடுக்கும் வியாபாரி தெருவில் கூவ ஆரம்பித்தார். கல்யாணச் சீர்வரிசையில் பித்தளை அண்டாவும் குத்துவிளக்கும் மட்டும் தங்க, பால் பாத்திரம் மாறிவிட்டது. ஈயம் பூசுகிறவருக்கு வேலை போயிற்று. குலைக்கட்டியும் போயிற்று. எந்த அரசுத் திட்டமும் அறிவிக்காத, யாரும் பாராட்டு விழா நடத்தாத சுகாதாரப் புரட்சி அது. இன்றைய இளம் குழந்தை மருத்துவர்கள் இந்த நோயைப் பாடப் புத்தகத்தில்தான் பார்க்கிறார்கள்.

இப்போது ஈரலுக்குப் பிரச்சினை அடுக்களையின் வேறு மூலையிலிருந்து வருகிறது. சென்னையில் நீரிழிவு ஆய்வாளர்கள் நடத்திய கணக்கெடுப்பு ஒன்று 2009ல் வெளியாயிற்று; அதில் பரிசோதிக்கப்பட்டவர்களில் 32 சதவீதம் பேருக்கு ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. பாத்திரத்தை மாற்றினால் இது தீராது. தட்டில் விழும் சோற்றின் அளவும், சர்க்கரையும், நடக்காத கால்களும் இதற்குக் காரணம். இவற்றை மாற்றினால் ஈரல் தேறும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. கியூபாவின் ஹவானாவில் 293 பேருக்கு ஓராண்டு உணவையும் நடையையும் மட்டும் மாற்றிப் பார்த்த ஆய்வு 2015ல் வந்தது. எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு ஈரல் அழற்சி தணிந்திருந்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தழும்புகூடப் பின்வாங்கியிருந்தது.

பித்தளை இப்போது திரும்பி வந்துகொண்டிருக்கிறது, இந்த முறை கௌரவப் பொருளாக. 'பாட்டி காலத்துப் பாத்திரம்' என்ற பெயரில் கடைகளில் அடுக்கியிருக்கிறார்கள். செம்புத் தண்ணீர்ப் பாட்டில் அலுவலக மேசைகளில் நிற்கிறது. வளர்ந்தவர்கள் செம்பில் வைத்த தண்ணீர் குடிப்பதால் குலைக்கட்டி வந்துவிடாது. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்பு வரை போகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வில்சன் நோய் உள்ளவர்கள் மட்டும் அந்தப் பக்கமே போகக் கூடாது. எலுமிச்சைச் சாற்றையும் மோரையும் அந்தப் பாட்டிலில் யாரும் ஊற்றக் கூடாது. இதைப் பாட்டியே சொல்லியிருப்பார்.

பித்தளை வாங்குகிறவர்கள் முதலில் உள்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் ஈயம் பூசுகிறவரைத் தேடிப் பிடியுங்கள். சில ஊர்ப் பாத்திரக் கடைத் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். பூசுவது வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஒரு வயது வரை மாட்டுப்பால் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அதற்குப் பிறகு கொடுக்கிற பாலையும் எவர்சில்வரிலேயே காய்ச்சுங்கள்.