தீவாந்தரத்தில் தொலையாத பெயர்கள்

இத்தாலியின் மேற்குக் கரைக்கு அப்பால், உரோமைக்கும் நேப்பிள்ஸ் நகருக்கும் இடைப்பட்ட கடலில் ஆறு சிறு தீவுகள் உள்ளன. பொன்சா, பல்மரோலா, சன்னோனே, காவி என்னும் நான்கு தீவுகள் ஒரு பக்கம். வெந்தொத்தேனே, சாந்தோ ஸ்தேபனோ என்னும் இரண்டு தீவுகள் சற்றுத் தள்ளிக் கிழக்கே. இவற்றுக்குப் பொந்தீனே தீவுகள் என்று பெயர். பண்டைய எழுத்தாளர்கள் பொன்சாவைப் பொந்தியா என்றும், வெந்தொத்தேனேயைப் பாந்தத்தேரியா என்றும் குறிப்பிடுகிறார்கள்.

கொடிய குற்றம் செய்தவர்களைக் கடல் கடந்து அனுப்புவதை நம் முன்னோர் 'தீவாந்தர தண்டனை' என்றார்கள். உரோமைப் பேரரசர்களுக்கு அந்தத் தீவாந்தரம் இத்தீவுகளே. ஆனால் இங்கு அனுப்பப்பட்டவர்களில் பலரின் குற்றம், ஆட்சியில் இருந்தவருக்கு வேண்டாதவராய்ப் போனதுதான்.

மக்கள் வாழ்ந்த தீவுகள்

தொடக்கத்தில் இவை சிறைத் தீவுகளாக இருக்கவில்லை. கி.மு. 313-இல் உரோமையர் பொந்தியாவில் ஒரு குடியேற்றத்தை நிறுவினர் என்று வரலாற்று ஆசிரியர் லிவி எழுதுகிறார். அதற்குமுன் அங்கே வோல்ஸ்கி இனத்தார் வாழ்ந்தனர். கி.மு. 209-இல், அனிபாலோடு நடந்த நீண்ட போரினால் களைத்துப்போன 12 குடியேற்றங்கள், இனி வீரர்களையும் பணத்தையும் தர முடியாது என்று உரோமையிடம் கைவிரித்தன. மற்ற 18 குடியேற்றங்கள் உறுதியாக நின்றன. அந்தப் பதினெட்டில் பொந்தியாவும் ஒன்று. அவற்றின் பெயர்கள் மறக்கப்படக் கூடாது என்று சொல்லி, லிவி ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார்.

புவியியல் அறிஞர் ஸ்திராபோ, பாந்தத்தேரியாவும் பொந்தியாவும் சிறியவை என்றாலும் மக்கள் நிறைந்தவை என்றும், தரையிலிருந்து 250 ஸ்தாதியம் தொலைவில் உள்ளவை என்றும் கூறுகிறார். இது நம் கணக்கில் ஏறத்தாழ 46 கிலோமீட்டர்.

வெந்தொத்தேனேயின் நீளம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே உரோமையர் எரிமலைப் பாறையைக் குடைந்து அமைத்த துறைமுகத்தில் இன்றும் படகுகள் நிற்கின்றன. மழைநீரைச் சேமிக்கப் பாறையில் வெட்டிய பெரிய தொட்டிகளும், மீன் வளர்த்த தொட்டிகளும், கடலோர மாளிகையின் இடிபாடுகளும் காணக் கிடைக்கின்றன. பொன்சாவில் உள்ள உரோமையர் காலத்து மீன் வளர்ப்புக் குகைகளை மக்கள் 'பிலாத்து குகைகள்' என்று அழைக்கிறார்கள். பொந்தியா என்ற ஊர்ப்பெயரும் பொந்தியு என்ற பிலாத்துவின் பெயரும் ஒலியில் ஒத்திருப்பதால் எழுந்த கதை இது. வரலாற்றுச் சான்று இதற்கு இல்லை.

அரச குடும்பத்துப் பெண்கள்

கிறிஸ்து பிறப்பு நற்செய்தியில் நாம் கேட்கும் அகுஸ்து சீசர், கி.மு. 2-இல் தம் ஒரே மகள் யூலியாவை ஒழுக்கக்கேட்டுக் குற்றச்சாட்டின்பேரில் பாந்தத்தேரியாவுக்கு அனுப்பினார். அவளுக்குத் திராட்சை இரசமும் நல்ல உணவும் மறுக்கப்பட்டன. அவளைக் காண வரும் ஆணின் வயது, உயரம், நிறம், உடலில் உள்ள தழும்பு வரை பேரரசருக்குத் தெரிவித்த பிறகே அனுமதி கிடைத்தது என்று சுவெத்தோனியுஸ் எழுதுகிறார். யூலியாவின் தாய் ஸ்கிரிபோனியா, அகுஸ்துவால் பல ஆண்டுகளுக்கு முன்பே மணவிலக்குச் செய்யப்பட்டவர். அவர்மீது எந்தத் தண்டனையும் இல்லை. ஆனாலும் தாமாகவே முன்வந்து மகளோடு தீவுக்குப் போனார்.

யூலியாவின் மகள் அக்ரிப்பினாவுக்கும் அதே தீவுதான் கிடைத்தது. அவளை அங்கு அனுப்பியவர், நம் ஆண்டவரின் பணிவாழ்வுக் காலத்தில் ஆட்சி செய்த திபேரியு சீசர். நூற்றுவர் தலைவன் அடித்ததில் அவள் ஒரு கண்ணை இழந்தாள். உணவின்றிக் கி.பி. 33-இல் இறந்தாள். அவளைக் கழுத்தை நெரித்துக் கொல்லாமல் விட்டதற்காகப் பேரரசருக்கு ஆட்சிமன்றம் நன்றி தெரிவித்தது என்னும் செய்தியையும் சுவெத்தோனியுஸ் தருகிறார். நான்கு ஆண்டுகள் கழித்து அவளுடைய மகன் கலிகுலா பேரரசனானதும், கொந்தளித்த கடலில் பயணம் செய்து தாயின் சாம்பலை உரோமைக்குக் கொண்டுவந்தான்.

கி.பி. 62-இல் நீரோ தன் மனைவி ஒக்தாவியாவைப் பொய்க் குற்றம் சாட்டி அதே பாந்தத்தேரியாவுக்கு அனுப்பிக் கொல்லச் செய்தான். நாடு கடத்தப்பட்ட வேறு எந்தப் பெண்ணுக்காகவும் மக்கள் இவ்வளவு இரங்கியதில்லை என்கிறார் தாசித்துஸ்.

விசுவாசத்திற்காக வந்தவர்

தொமிசியான் ஆட்சியின் இறுதியில், ஏறத்தாழ கி.பி. 95-இல், அரச குடும்பத்தைச் சேர்ந்த பிளாவியா தொமித்தில்லா கிறிஸ்துவுக்குச் சான்று பகர்ந்ததற்காகப் பொந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார் என்று திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் எழுதுகிறார். திருத்தூதர் யோவான் பத்மு தீவில் இருந்ததைச் சொல்லும் அதே பகுதியில்தான் இச்செய்தியும் வருகிறது. காசியுஸ் தியோ என்னும் வரலாற்றாசிரியரோ, தொமித்தில்லா பாந்தத்தேரியாவுக்கு அனுப்பப்பட்டார் என்கிறார். யூசேபியுஸ் இவரைப் பிளாவியுஸ் கிளெமென்ஸ் என்பவரின் சகோதரி மகள் என்கிறார். தியோ அவருடைய மனைவி என்கிறார். ஒரே பெயரில் இருவர் இருந்தார்களா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உரோமையின் மிகப் பெரிய நிலத்தடிக் கல்லறைகளுள் ஒன்று இன்றும் தொமித்தில்லாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஏறத்தாழ 290 ஆண்டுகள் கழித்து, 385-இல், புனித பவுலா திருநாட்டுக்குக் கப்பலேறியபோது பொந்தியாவில் இறங்கினார். தொமித்தில்லா நீண்ட மறைசாட்சியத்தை அனுபவித்த சிற்றறைகளை அங்கே கண்டார் என்று புனித எரோணிமுஸ் தம் மடலில் குறிப்பிடுகிறார்.

ஒரு திருத்தந்தையின் முடிவு

537-இல், பேரரசி தியோதோராவின் விருப்பத்திற்கு இணங்க மறுத்த திருத்தந்தை சில்வேரியுஸை, படைத்தலைவர் பெலிசாரியுஸ் பதவியிலிருந்து இறக்கினார். முதலில் அவர் சிற்றாசியாவின் பத்தாரா நகருக்கு அனுப்பப்பட்டார். அந்நகரின் ஆயர் வாய்மூடி இருக்கவில்லை. பேரரசர் யுஸ்தினியானிடமே சென்று நியாயம் கேட்டார். அதன் பலனாகத் திருத்தந்தை இத்தாலிக்குத் திரும்ப முடிந்தது. ஆனால் எதிரிகள் அவரைப் பல்மரோலாத் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே பசியால் வாடி இறந்தார் என்று, கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் லிபராத்துஸ் எழுதி வைத்திருக்கிறார். இன்று புனித சில்வேரியுஸ் பொன்சாவின் பாதுகாவலர். ஆண்டுதோறும் ஜூன் 20-ஆம் தேதி, தீவு மக்கள் அவரது திருவுருவத்தைப் படகில் ஏற்றிக் கடலில் பவனி வருகிறார்கள்.

நமக்குச் சொல்வது என்ன?

பேரரசர்களின் காலத்தோடு இந்த வழக்கம் முடியவில்லை. சாந்தோ ஸ்தேபனோவில் 1795-இல் திறக்கப்பட்ட சிறை 1965-இல்தான் மூடப்பட்டது. முசோலினியின் எதிரிகள் வெந்தொத்தேனேயில் வைக்கப்பட்டனர். அவர்களில் அல்தியேரோ ஸ்பினெல்லியும் எர்னெஸ்தோ ரோசியும் 1941-இல் அங்கிருந்தே ஒன்றுபட்ட ஐரோப்பாவுக்கான அறிக்கையை எழுதினார்கள்.

கண்ணுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டால் ஒருவர் மறக்கப்பட்டுவிடுவார் என்று நம்பியே ஆட்சியாளர்கள் தீவுகளைத் தேடினார்கள். அந்தக் கணக்கைப் பொய்யாக்கியவர்கள் படைபலம் கொண்டவர்கள் அல்லர். மகளோடு கூடவே போனார் ஒரு தாய். பிறர்க்காக வாய் திறந்தார் ஓர் ஆயர். வழியில் இறங்கிச் சிற்றறையைப் பார்த்துச் சென்றார் ஒரு பயணி. பெயர்களை எழுதி வைத்தார்கள் எழுத்தாளர்கள்.

நம் ஊர்களில் தீவுகள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் சிறைச்சாலையும், முதியோர் இல்லமும், மனநலக் காப்பகமும், அகதிகள் முகாமும் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? சிறையிலிருந்தவரைத் தேடிச் சென்றீர்களா என்று நம் ஆண்டவர் கேட்கும் மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தை மீண்டும் ஒருமுறை வாசிப்போம். இந்த வாரமே ஒருவரையேனும் தேடிச் சென்று, பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரிப்போம்.