பீப்பாயின் மேல் எழுதப்படாத பெயர்

சாவி, ஜன்னல், அலமாரி, மேசை என்று போர்த்துகீசியர் நம் மொழியில் விட்டுச்சென்ற சொற்களைப் பட்டியலிடுவோர் பீப்பாயையும் மறவாமல் சேர்த்துக்கொள்வர். தாரும் எண்ணெயும் அடைத்த இரும்புப் பீப்பாயைப் பார்த்துப் பழகிய நமக்கு, அச்சொல் புறப்பட்ட வீட்டில் அது வைன் ஊறும் மரக்கலம் என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. போர்த்துகலின் வடக்கே, டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில், 'பீப்பா' என்பது ஓர் அளவையும்கூட. ஒரு பீப்பா 550 லிட்டர். ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போன அந்தப் பீப்பாய்களின்மேல் யாருடைய பெயர் எழுதப்பட்டது, யாருடைய பெயர் விடுபட்டது என்பதை வாலே மெயாவோ என்னும் ஒரு குடும்பத் தோட்டத்தின் வழியாக இங்கே பார்க்க விழைகிறோம்.

டோரோ, ஸ்பெயினில் பிறந்து மேற்கே ஓடி, போர்ட்டோ நகரத்தருகே அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. அதன் கரைகளில் மண் என்று சொல்லத்தக்கது குறைவு. அடுக்கடுக்காகப் பிளக்கும் பலகைக்கல் பாறையே மிகுதி. அப்பாறையை உடைத்து, கல்லடுக்கிச் சுவரெழுப்பி, மலைச்சரிவைப் படிக்கட்டாக்கித்தான் அங்கே கொடி நட முடிந்தது. 1703இல் இங்கிலாந்தோடு ஏற்பட்ட மெத்யூன் ஒப்பந்தம் பிரெஞ்சு வைனைவிடப் போர்த்துகல் வைனுக்குக் குறைந்த வரி விதிக்க வழி செய்தது. ஆங்கிலேய வணிகர் பெருமளவில் இங்கே வந்தனர். கடற்பயணத்தைத் தாங்கவும், வாங்குவோரின் நாவுக்கு ஏற்பவும், திராட்சைச் சாறு பாதி நொதிக்கையிலேயே வடிசாராயத்தைக் கலந்து நொதித்தலை நிறுத்தும் முறை வழக்கமாயிற்று. சாற்றின் இனிப்பு எஞ்ச, சாராயத்தின் வீரியம் கூட, நாம் 'போர்ட்' என்றறியும் வைன் உருவானது.

பின்னாளில் பொம்பால் பிரபு எனப் பட்டம் பெற்ற அமைச்சர், 1756இல் ஓர் அரச நிறுவனத்தை அமைத்து, எந்த நிலத்து வைன் ஏற்றுமதிக்குரியது என்று கருங்கல் நட்டு எல்லை வகுத்தார். உலகில் முதன்முதல் வரையறுக்கப்பட்ட வைன் நிலப்பகுதிகளில் இதுவும் ஒன்று. ஆனால் எல்லைக்கல் நிலத்தைத்தான் காத்ததேயன்றி உழவரின் பெயரைக் காக்கவில்லை. அறுவடை முடிந்து வசந்தம் வந்ததும் பீப்பாய்கள் படகேறி, போர்ட்டோவுக்கு எதிர்க்கரையிலுள்ள விலா நோவா டி கையாவின் கிடங்குகளை அடைந்தன. அங்கே ஒன்றோடொன்று கலந்து, ஊறி, வணிகரின் பெயரைத் தாங்கிக் கப்பலேறின. மலையில் விளைந்தது எவர் தோட்டத்தில் என்பது லண்டனில் குடிப்பவருக்குத் தெரிய வேண்டிய செய்தியாக இருக்கவில்லை.

பெருவணிகம் ஆண்களின் கையிலேயே இருந்த அந்நாளில் தோனா அந்தோனியா அடிலெய்ட் ஃபெரைரா என்ற பெண்மணி எழுந்தார். 1811இல் பிறந்தவர், 1844இல், முப்பத்துமூன்று வயதில் கைம்பெண்ணானார். கணவர் விட்டுச்சென்ற தொழிலை ஏற்று, பள்ளத்தாக்கின் மிகப்பெரும் நிலக்கிழார்களுள் ஒருவராக வளர்ந்தார். அவருடைய மகளைத் தம் மகனுக்கு மணமுடிக்க சல்தான்யா பிரபு வற்புறுத்தியபோது, நாட்டின் அதிகாரம் மிக்க அம்மனிதருக்கு இணங்காமல் மகளோடு நாட்டைவிட்டே வெளியேறி லண்டன் சென்றார். மக்கள் அவரை 'ஃபெரைரிஞ்ஞா' என்று செல்லமாக அழைத்தனர்; 'சின்ன ஃபெரைரா' என்று பொருள் கொள்ளலாம்.

1861 மே 12 அன்று வலெய்ரா என்னும் பாறை நெருக்கத்தில் அவர் சென்ற படகு கவிழ்ந்தது. உடன் வந்த ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர் மூழ்கினார். அவருடைய உடல் கிடைக்கவேயில்லை. அந்தோனியா பிழைத்தார். அகன்ற பாவாடை மிதக்கவைத்து அவரைக் காத்தது என்றும், இடுப்பில் கட்டிய பணப்பை ஃபாரஸ்டரை ஆழத்துக்கு இழுத்தது என்றும் மக்கள் கதை சொல்வர். கதை எவ்வாறாயினும், ஃபாரஸ்டர் யாரென்பது நமக்கு முக்கியம். டோரோவின் நுட்பமான வரைபடத்தைத் தந்த அவர், 1844இல் வெளியிட்ட சிறு நூலில் வைனில் சாராயமும் பிற பொருள்களும் கலக்கும் வழக்கத்தைக் கடுமையாகச் சாடியவர். சாராயம் சேராத டோரோ வைனே மேலானது என்ற அவர் குரலை வணிகர் ஏற்கவில்லை.

பின்னர் ஃபிலாக்செரா வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் சிறு பூச்சி வேரைத் தின்று, தோட்டங்களை வரிசையாகச் சாகடித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டுவதே இறுதியில் மருந்தாயிற்று. அதற்கு முதலில்லாத எளிய உழவர் படிக்கட்டுகளைக் கைவிட்டுச் சென்றனர். அப்படிப் பாழான சரிவுகளை அங்கே 'மொர்த்தோரியோ' என்பர். சாவை நினைவூட்டும் அச்சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. பிறர் விட்டு ஓடிய அக்காலத்தில்தான், 1877இல், ஸ்பெயின் எல்லையை நோக்கிய மேல் டோரோவில், விலா நோவா டி ஃபோஸ் கோவா நகராட்சியிடமிருந்து ஏறத்தாழ 300 ஹெக்டேர் தரிசு நிலத்தை அந்தோனியா வாங்கினார். ஆறு வளைந்து சுற்றும் அந்நிலமே வாலே மெயாவோ. கொடி நட்டு, கருங்கல் மிதிதொட்டிகளும் கிடங்கும் எழுப்ப ஆண்டுகள் பல ஆயின. 1896இல் அவர் மறைந்தார்; தோட்டம் வாரிசுகளிடம் சென்றது.

1926இல் வந்த சட்டம் பழைய வழக்கத்தை இரும்பாக்கிற்று. போர்ட் வைன் கையாவிலிருந்தே ஏற்றுமதியாக வேண்டும் என்றது அது. கிடங்கு அங்கே இல்லாத உழவர் தம் பெயரில் ஒரு புட்டியைக்கூட வெளிநாட்டுக்கு அனுப்ப வழியில்லாமல் போனது. பெருநிறுவனங்களுக்குத் திராட்சையோ இளவைனோ விற்பதே மலைவாழ் குடும்பங்களின் விதியாயிற்று.

ஆனால் ஃபாரஸ்டரின் கனவு வேறொரு வாசல் வழியே திரும்பி வந்தது. ஃபெரைரா நிறுவனத்தின் வைன் வல்லுநர் பெர்னாந்தோ நிக்கோலாவ் தே அல்மெய்தா, சாராயம் சேராத உயர்ந்த சிவப்பு வைனை டோரோவில் செய்ய முனைந்தார். கொதிக்கும் மேல் டோரோவின் வெயிலில் நொதிக்கும் சாற்றைக் குளிர்விக்க வேண்டும். வாலே மெயாவோவிலோ மின்சாரம் இல்லை. கடலோரத்திலிருந்து மரத்தூளில் பொதிந்த பனிக்கட்டியை லாரியில் வரவழைத்தார். உயர்ந்த இடங்களில் விளைந்த திராட்சையைக் கலந்து புளிப்பைச் சமன்செய்தார். 1952ஆம் ஆண்டு விளைச்சலில் பிறந்தது 'பார்க்கா வெல்யா'. தகுதியான ஆண்டுகளில் மட்டுமே அப்பெயரில் வெளியாகும் அந்த வைன் போர்த்துகலின் பெருமையாயிற்று. அந்நாளில் அதன் முதுகெலும்பாக இருந்த திராட்சை வாலே மெயாவோவினது. சீட்டில் அந்தத் தோட்டத்தின் பெயர் இருக்கவில்லை.

1986இல் கையாவின் தனியுரிமை நீங்கியது. அடுத்த ஆண்டே ஃபெரைரா நிறுவனம் சோக்ராப் என்ற பெருநிறுவனத்தின் கைக்குப் போனது. குடும்பப் பெயர் குடும்பத்தைவிட்டுச் சென்றது எனலாம். எனினும் நிலம் எஞ்சியிருந்தது. அந்தோனியாவின் வழித்தோன்றலான பிரான்சிஸ்கோ ஜாவியர் தே ஒலசாபால், உறவினரிடையே சிதறிய பங்குகளை வாங்கிச் சேர்த்தார். 1998இல் ஃபெரைரா நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பைத் துறந்து, மகனோடு தோட்டத்துக்குத் திரும்பினார். 1999ஆம் ஆண்டு விளைச்சலே 'கிண்ட்டா டோ வாலே மெயாவோ' என்று சொந்தப் பெயர் தாங்கிய முதல் வைன். நிலம் வாங்கப்பட்டு அப்போது நூற்றிருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

'மரபுவழிக் குடும்பத் தோட்டம்' என்று புட்டியில் படிக்கையில் காலங்காலமாகத் தொடர்ந்து வந்த ஒன்றை நாம் கற்பனை செய்கிறோம். நிலமும் குருதியும் பழையவைதாம். பெயரோ மிகப் புதியது, போராடி மீட்கப்பட்டது. அம்மீட்சியும் முழுமையானதன்று. அச்சுவர்களை எழுப்பியவருள் பலர் ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து கூலிக்கு வந்த ஏழைகள். சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அவர்கள் அடுக்கிய படிக்கட்டுகளின் அழகுக்காகவும்தான் 2001இல் யுனெஸ்கோ இப்பள்ளத்தாக்கை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. வணிகரின் பெயரை மரத்தில் சுட்டு எழுதினார்கள். குடும்பத்தின் பெயரைக் காலம் தாழ்த்தியேனும் தாளில் அச்சிட்டார்கள். கல் சுமந்தவர் பெயரை எழுத இன்னும் ஒரு பீப்பாய் செய்யப்படவில்லை.