மூலம்: மறைத்த நோயும் பார்த்த வைத்தியரும்

விழா மலரில் போய் மூல நோயைப் பற்றி எழுதுகிறாரே என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கலாம். நாற்பது வருஷமாகக் கொல்கத்தாவில் கல்லாவில் உட்கார்ந்தே பிழைத்தவன் நான். கடை சாத்திய பிறகு பழைய வைத்திய நூல்களைப் புரட்டுவது என் வழக்கம். இதை எழுத வைத்தது என் தமையனார் கதை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த நோய்க்கு வடமொழியில் அர்சஸ் என்று பெயர். சரகர், சுசுருதர் இருவருமே இதற்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்கள். சுசுருதர் ஆறு வகை என்பார்; நம் சித்த மருத்துவத்தில் யூகி முனிவர் 21 வகை என்பார். கூச்சப்பட்டு ஒதுக்கிய விஷயமாக எந்த நூலிலும் காணோம்.

சுசுருதர் சொல்லும் வழிகள் நான்கு: மருந்து, காரம், சுடுகை, அறுவை. புதிதாக வந்த, தொல்லை குறைந்த மூலத்துக்கு மருந்து மட்டும் போதும். மெத்தென்று பரந்திருந்தால் காரம். கெட்டியாக, தடித்து இருந்தால் சுடுகை. அடி சிறுத்து மேலே எழும்பி நின்றால்தான் கத்தி. எடுத்த எடுப்பில் கத்தியைத் தூக்கவில்லை பாருங்கள்!

இந்த வகையைத் தெரிந்துகொள்ள அவர் ஒரு கருவியே வைத்திருந்தார். பசுவின் காம்பு போன்ற வடிவம், நான்கு விரல் நீளம். இரும்பு, தந்தம், கொம்பு அல்லது மரத்தில் செய்தது. பார்ப்பதற்கு இரண்டு துளை, சிகிச்சைக்கு ஒரே துளை. ஒரே துளையானால் காரமும் நெருப்பும் அக்கம்பக்கத்தில் படாது. காரத்தைத் தடவி, துளையை மூடி, நூறு எழுத்து சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். முளை நாவல்பழ நிறத்துக்கு வந்ததும் புளித்த கஞ்சி, தயிர்த் தெளிவு போன்றவற்றால் கழுவ வேண்டும். காரத்தைப் புளிப்பு முறிக்கும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்த கணக்குதானே!

நாம் குடியிருக்கும் இந்த வங்க மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. 11ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த சக்கரபாணி தத்தர், கள்ளிப்பாலும் மஞ்சளும் திரும்பத் திரும்ப ஏற்றிய நூலால் மூலத்தைக் கட்டி அறுக்கும் முறையை எழுதி வைத்தார். 1960களில் காசி இந்து பல்கலைக்கழகத்தில் இதை ஒழுங்குபடுத்தினார்கள்: கள்ளிப்பால் பூச்சு 11, அதோடு நாயுருவிக் காரம் சேர்த்து 7, மஞ்சள் சேர்த்து 3, ஆக 21 பூச்சு. இன்று அந்த நூல் பவுத்திரத்துக்கே அதிகம் பயன்படுகிறது. அமெரிக்காவில் 1963இல் பாரன் என்ற மருத்துவர் உள்மூலத்தின் அடியில் ரப்பர் வளையம் மாட்டும் முறையை வெளியிட்டார். ரத்த ஓட்டம் நின்று, சில நாளில் அது தானே உதிர்ந்துவிடும். நூலோ ரப்பரோ, கட்டுகிற தத்துவம் ஒன்றுதான்.

உணவுக்கு வருவோம். வங்காளிகள் ஓல் என்று சமைக்கும் சேனைக்கு, மூலத்தை அழிப்பது என்ற பொருளில் அர்சோக்னம் என்று வடமொழிப் பெயர் உண்டு. எங்கள் சமண வீடுகளில் கிழங்கு ஆகாது. அதனால் எங்களுக்கு மோரும் துத்திக் கீரையும். மோரைச் சரகரே மிகவும் உயர்த்திப் பேசுகிறார். இன்றைய மருத்துவர்களும் நார்ச்சத்து, தண்ணீர், முக்காமல் மலம் கழிப்பது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பலருக்கு அதுவே போதுமாகிவிடுகிறது.

இனி தமையனார் கதை. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தார். மலத்தோடு ரத்தம் போயிருக்கிறது. "மூலம்தானே" என்று தானே முடிவுகட்டி, ஏதோ லேகியம் வாங்கித் தின்றுகொண்டிருந்தார். அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து மருத்துவர் விரல் விட்டுப் பார்த்தபோது அது மூலமே இல்லை, மலக்குடலில் புற்று. "முன்னாடியே வந்திருந்தா பாத்திருக்கலாமே ஐயா" என்றாராம் அந்த மருத்துவர். அடுத்த தை மாசம் அண்ணன் இல்லை.

லேகியத்தை நான் குறை சொல்லவில்லை. பார்க்காமல் தின்றதுதான் குறை. வள்ளுவரும் மருந்து அதிகாரத்தில் நோயை அறிவதை முதலில் வைத்து, செய்வதைக் கடைசியில் வைத்தார். சுசுருதர் கருவியிலும் பார்க்கத்தான் இரண்டு துளை. ரத்தம் கண்டால், நாற்பது வயசு தாண்டியவர்கள் முக்கியமாக, கூச்சத்தை வாசலில் விட்டுவிட்டு ஒரு தகுதியுள்ள மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மோரை அப்புறம் குடிக்கலாம்.