ஆழ்நிலைப் பல் தூய்மையாக்கல்

ஆழ்நிலைப் பல் தூய்மையாக்கல் என்பது ஈறுக்கு மேலும் கீழும் பல்லில் ஒட்டியுள்ள பற்படலத்தையும் பற்காரையையும் அகற்றி, பல்வேரின் மேற்பரப்பைத் துப்புரவாக்கும் மருத்துவச் செயன்முறை ஆகும். பல்லைத் தாங்கும் இழையங்களையும் எலும்பையும் அழிக்கும் பல்சூழ் நோய்க்கு, அறுவை சாராத முதன்மைச் சிகிச்சை இதுவே. இது நோயின் போக்கைத் தடுக்கும். ஆனால் இழந்த எலும்பைப் பெரும்பாலும் மீட்டுத் தராது. எனவே காலத்தே செய்துகொள்வது இன்றியமையாதது.

நோய் உருவாகும் விதம்

பல்லின் மீது பாக்டீரியாக்கள் சேர்ந்து உருவாக்கும் மென்மையான படிவு பற்படலம் எனப்படும். நாள்தோறும் அகற்றப்படாவிடில் இது கால்சிய உப்புக்களால் இறுகிப் பற்காரையாகிறது. முதலில் ஈறு சிவந்து வீங்கும். பல் துலக்கும்போது இரத்தம் கசியும். இந்நிலை ஈறழற்சி எனப்படும். இதனை முழுமையாகக் குணப்படுத்தலாம்.

சிலருக்கு அழற்சி உட்புறம் பரவி, ஈறு பல்லிலிருந்து பிரிந்து பை போன்ற குழி உண்டாகிறது. பின்னர் எலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்குகிறது. பெரும்பாலும் வலி இல்லாததால் பலர் இந்நிலையிலேயே மருத்துவரை நாடுகின்றனர். புகையிலைப் பழக்கமும் நீரிழிவும் நோயை விரைவுபடுத்தும். உலக சுகாதார அமைப்பின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, கடுமையான பல்சூழ் நோயால் உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டுள்ளதாக மதிப்பிடுகிறது.

கண்டறிதல்

மில்லிமீட்டர் அளவுகள் குறிக்கப்பட்ட மெல்லிய கருவியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் செலுத்தி ஆழம் அளக்கப்படுகிறது. 1 முதல் 3 மி.மீ. வரை இயல்பானது. 4 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட ஆழமும் எலும்பு இழப்பும் காணப்பட்டால் ஆழ்நிலைத் தூய்மையாக்கல் தேவைப்படலாம். எலும்பின் நிலை எக்சு-கதிர்ப் படத்தின் மூலம் அறியப்படுகிறது.

செயன்முறை

1. சிகிச்சைக்குரிய பகுதி ஊசி மருந்தால் மரத்துப்போகச் செய்யப்படுகிறது.
2. மீயொலிக் கருவியின் அதிரும் முனையால் பற்காரை உடைக்கப்படுகிறது. முனை சூடேறாதிருக்க நீர் பீய்ச்சப்படும்.
3. கியூரெட் எனப்படும் வளைந்த கைக்கருவியால் குழியின் உட்பகுதியும் வேரின் மேற்பரப்பும் சுரண்டித் துப்புரவாக்கப்படுகின்றன.

வழக்கமாக வாயை நான்கு பகுதிகளாகப் பிரித்து, இரண்டு முதல் நான்கு அமர்வுகளில் இது செய்யப்படுகிறது. சில வாரங்கள் கழித்துக் குழிகளின் ஆழம் மீண்டும் அளக்கப்படும். ஆழமான குழிகள் எஞ்சியிருந்தால் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும் செயற்கை இதய வால்வு பொருத்தியோரும் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

பயன்கள்

இரத்தக்கசிவும் வீக்கமும் குறைகின்றன. ஈறு பல்லோடு மீண்டும் இறுகுவதால் குழியின் ஆழம் குறைகிறது. நீரிழிவு நோயாளிகளில், சிகிச்சைக்குப் பின் 3 முதல் 4 மாதங்களில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி ஏறத்தாழ 0.4 விழுக்காட்டுப் புள்ளி குறைவதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன.

தவறான நம்பிக்கை

பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உண்மையில் எலும்பு முன்பே கரைந்திருக்கும். இடைவெளியை அடைத்திருந்த பற்காரை நீங்கி, வீங்கிய ஈறு வற்றும்போது மறைந்திருந்த இழப்பு வெளிப்படுகிறது. வேர் வெளித்தெரிவதால் ஏற்படும் பல்கூச்சம் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும்.

மலைப்பகுதிகளில் சிகிச்சை

பல அமர்வுகளும் தொடர் கண்காணிப்பும் தேவைப்படுவதால், மருத்துவமனைக்குத் தொலைவில் வாழ்வோருக்கு இச்சிகிச்சை எளிதாக வாய்ப்பதில்லை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்துள்ள ஜவ்வாது மலையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். மலையாளி எனப்படும் பழங்குடியினர் இங்கு சிதறிய சிற்றூர்களில் வாழ்கின்றனர். ஜமுனாமரத்தூர் இங்குள்ள முக்கிய ஊராகும். பெரிய மருத்துவமனைகளை அடைய மலையிலிருந்து இறங்கிச் சமவெளி நகரங்களுக்குச் செல்ல வேண்டும்.

பல்லைப் பிடுங்குதல் ஒரே வருகையில் முடிந்துவிடும். பல்லைக் காப்பாற்றவோ பல வருகைகள் தேவை. இத்தகைய இடங்களில், காப்பாற்றக்கூடிய பல்லும் இழக்கப்பட இதுவே காரணமாகலாம். முழு வாயையும் 24 மணி நேரத்துக்குள் தூய்மையாக்கும் முறை, பகுதி பகுதியாகச் செய்யும் முறைக்கு ஏறத்தாழ இணையான பலன் தருவதாக ஆய்வுகள் கூறுகின்றன. எனவே தொலைவிலிருந்து வருவோருக்கு இது பொருந்தக்கூடும். கைக்கருவிகளுக்கு மின்சாரம் தேவையில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

பின்பேணல்

தூய்மையாக்கிய பல்லிலும் பற்படலம் மீண்டும் படியும். எனவே நாளொன்றுக்கு இருமுறை பல் துலக்குதல், பல்லிடுக்குகளைத் துப்புரவாக்குதல், புகையிலையைக் கைவிடுதல், 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதித்தல் ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. வேப்பங்குச்சி, ஆலங்குச்சி போன்றவை மென்மையான படலத்தை ஓரளவு நீக்கும். இறுகிய பற்காரையை அவற்றால் அகற்ற இயலாது. செங்கல் தூள், சாம்பல் முதலியன பல்லைத் தேய்த்துவிடும்.