தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைகள்

என் அண்ணன் பெயர் பிச்சை. அவருக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு பிறந்து இரண்டுமே தங்கவில்லை. மூன்றாவது பிறந்ததும் அப்பத்தா ஏழு வீட்டுப் பழந்துணியை மடியேந்தி வாங்கிவந்து, அதில்தான் பிள்ளையைப் பொதிந்தாராம். ‘இது எங்க பிள்ளை இல்ல, பிச்சையா வந்தது’ என்று சாமிக்கும் சாவுக்கும் சேர்த்துச் சொல்லிவைக்கும் வழி அது. அண்ணனுக்கு இப்போது எழுபது ஆகப்போகிறது.

நான் 1981-ல் மேலூருக்கு வடக்கே ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகச் சேர்ந்தேன். ஐயாயிரம் பேருக்கு ஒரு நர்சம்மா. வீடு வீடாகப் போய்த் தம்பதியர் பதிவேடு எழுதுவதுதான் முதல் வேலை. கணவன் பெயர், மனைவி பெயர், வயது, பிறந்த பிள்ளைகள், உயிரோடு இருப்பவை, இறந்தவை. ஒரு வாரம் எழுதியதுமே எனக்கு ஒன்று பிடிபட்டது. கடைசிப் பத்தியைக் கேட்கவே வேண்டாம், பெயரே சொல்லிவிடும்.

குப்பம்மாள் என்றால், மூத்தவை போனபின் பிறந்து, குப்பைமேட்டில் கிடத்தி எடுக்கப்பட்டவள். மூக்கன் என்றால், ஆண்பிள்ளைக்கு மூக்குக் குத்திச் சாவின் கண்ணை மறைத்திருக்கிறார்கள். தவிட்டம்மாள் என்றால், பிறந்ததும் முறத்தில் போட்டு வாசலில் வைக்க, பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொள்ள, பெற்றவளே படித் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிய பிள்ளை. மாட்டுக்குப் போடுகிற தவிட்டுக்கு வாங்கியதை எமன் எதற்குத் தேடிவரப் போகிறான்? நம் வீடுகளில் பிள்ளைகளை ‘உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்’ என்று கேலி செய்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சின்னக் குழி இருக்கிறது.

அந்தக் காலத்தில் இது எத்தனை வீட்டுக் கதை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1971-ல் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அது சிசு மரணம் மட்டும். ஒரு வயதுக்குமேல் வயிற்றுப்போக்கிலும் தட்டம்மையிலும் போனவை இதில் சேராது. அதே ஆண்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.9 பிள்ளைகள்.

ஏழைகள் ஏன் இத்தனை பெறுகிறார்கள் என்ற கேள்விக்கு மேலிடங்களில் பல பதில்கள் இருந்தன. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி, மூன்று பிள்ளை பெற்றவள் மேற்கொண்டு பெறுவதை ‘முன்யோசனையற்ற தாய்மை’ என்று வகைப்படுத்தினார். 1950களின் பிற்பகுதியிலேயே மதராஸ் அரசு, கருத்தடை அறுவை செய்துகொள்பவர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. அதற்கும் முன்பே பெரியார் இந்தப் பேச்சை வேறு பக்கத்திலிருந்து எடுத்தார். நாட்டின் வறுமைக்காக இல்லை, பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று 1930களிலேயே எழுதினார்.

முன்யோசனையற்ற தாய்மை என்ற சொல்லைப் பயிற்சி வகுப்பில் முதலில் கேட்டபோது எனக்கு வலித்தது. முன்யோசனை இல்லாதவளா முறத்தில் பிள்ளையை வைத்துத் தவிடு அளந்து கொடுப்பாள்? அவளுக்கு இருந்ததெல்லாம் முன்யோசனைதான். நாலு பெற்றால் இரண்டு தங்கும், அதில் ஒன்றாவது கஞ்சி ஊற்றும். ஓய்வூதியம் இல்லாத, நிலம் இல்லாத வீட்டில் பிள்ளைதான் சேமிப்பு. பின்னாளில் பொருளாதார அறிஞர்கள் இதையே இரண்டாகப் பிரித்து எழுதியிருப்பதைப் படித்தேன். இறந்த பிள்ளைக்கு ஈடாக இன்னொன்று பெறுவது ஒன்று. இறக்கக்கூடும் என்ற அச்சத்தில் முன்கூட்டியே கூடுதலாகப் பெற்றுவைப்பது மற்றொன்று. முதலாவது துக்கம், இரண்டாவது காப்பீடு. என் பதிவேட்டில் இரண்டும் பக்கம் பக்கமாக இருந்தன.

நான் சேர்ந்த நேரம், உலக வங்கிக் கடனுதவியில் 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் பரவிக்கொண்டிருந்தது. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் உணவுநிலை பற்றி நடந்த பெரிய ஆய்வு இதற்கு அடித்தளம். தாய்ப்பாலோடு மற்ற உணவும் தேவைப்படும் பருவத்துப் பிள்ளைதான் வீட்டிலேயே அதிகம் வாடுகிறது என்று கண்டார்கள். அதனால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத்தான் திட்டம் குறிவைத்தது. மாதாமாதம் எடை. எடை கூடாமல் நின்ற பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு. தேறிவிட்டால் நிறுத்திவிட வேண்டும்.

எடை நாள் என்றால் ஊரே மந்தைப் புளியமரத்தடியில் கூடும். கிளையில் தராசைத் தொங்கவிட்டு, அதில் துணித்தொட்டில் கட்டுவோம். முதல் மாதம் ஒருத்தியும் பிள்ளையைத் தரவில்லை. ‘அளந்தா கண்ணு பட்டுப்போகும், நர்சம்மா. நெல்லா அது, நிறுத்துப் பார்க்க?’ என்றார் ஒரு பாட்டி. ஊட்டச்சத்துப் பணியாளர் அதே ஊர்ப் பெண். ஏழைதான், ஆனால் அவள் பிள்ளைகள் கொழுகொழுவென்று இருப்பார்கள். அப்படிப்பட்டவர்களாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவள் ஒன்றும் பேசவில்லை. தன் கைப்பிள்ளையின் கன்னத்தில் மைப்பொட்டை அழுத்தி வைத்து, எல்லோரும் பார்க்கத் தொட்டிலில் போட்டாள். அடுத்த மாதம் ஆறு பேர் வந்தார்கள். அதற்கடுத்த மாதம் கைக்கணக்கு விட்டுப்போயிற்று.

அந்த எடை அட்டையை நான் மறக்க மாட்டேன். மாதங்கள் கீழே, கிலோ பக்கவாட்டில், ஒவ்வொரு மாதமும் ஒரு புள்ளி, புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு. கையெழுத்துப் போடத் தெரியாத தாய்மார்கள் அந்தக் கோட்டைப் படித்தார்கள். ‘ஏறுதாக்கா? படுத்திருச்சா?’ என்று பணியாளரிடம் கேட்பார்கள். கோடு படுத்தால் ஏன் என்று பேசுவோம். வயிற்றுப்போக்கா, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடு. பேதி என்று கஞ்சியை நிறுத்தினாயா, நிறுத்தாதே. அதுவரை பிள்ளை சாவது விதி. கோடு வந்தபிறகு, சாவுக்கு முன்னால் சில மாதம் இருக்கிறது, அதற்குள் நாம் செய்யக்கூடியது இருக்கிறது என்று தெரிந்தது.

1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1985-ல் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் வந்து, வாரம் ஒருநாள் ஐஸ் பெட்டியோடு ஊர் ஊராகப் போனேன். எதனால் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆனால் 1991-ல் சிசு மரணம் ஆயிரத்துக்கு 57 என்று இறங்கியிருந்தது. ஒரு பெண்ணுக்கான பிள்ளை எண்ணிக்கை 2.2.

இரண்டும் எப்படிச் சேர்ந்து இறங்கின என்பதை ஒரு வாசற்படியில் பார்த்தேன். ஏற்கெனவே ஒன்றைப் பறிகொடுத்தவள். அட்டையில் ஒன்பது மாதக் கோடு ஏறியிருக்கிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்: ‘இது தங்கிரும்ல, நர்சம்மா? தங்கும்னு சொல்லுங்க, ரெண்டோட நிறுத்திக்கிறேன்.’ ஆப்பரேஷன் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

1995-ல் மம்தா மூர்த்தி, ஆன்-கேத்தரின் கியோ, ஜான் திரேஸ் மூவரும் 1981 கணக்கெடுப்பை வைத்து இந்திய மாவட்டங்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிள்ளைச் சாவும் பிறப்பும் குறைந்த இடங்களில், ஆண்களின் படிப்பையும் நகரப் பெருக்கத்தையும்விடப் பெண்களின் எழுத்தறிவுதான் பேசுகிறது என்பது அவர்கள் கண்டது. தமிழ்நாட்டின் வறுமை அப்போது ஒழிந்துவிடவில்லை. வருமானம் உயரட்டும், பிள்ளை தானாகக் குறையும் என்று காத்திருந்தால் இன்னும் எத்தனை தவிட்டம்மாள்களோ.

அமர்த்தியா சென் இந்தக் கணக்கைச் சீனாவோடு வைத்துப் பார்த்தார். 1979-க்கும் 1991-க்கும் இடையில் ஒரு பெண்ணுக்கான பிள்ளை எண்ணிக்கை சீனாவில் 2.8-லிருந்து 2.0 ஆயிற்று; தமிழ்நாட்டில் 3.5-லிருந்து 2.2. சீனாவைப் போலச் சட்டத்தின் கட்டாயம் இல்லாமலே தமிழ்நாட்டில் இது முடிந்தது என்றார். அதைப் பெருமையோடுதான் படித்தேன். ஆனால் ‘இந்த மாசம் எத்தனை கேஸ்?’ என்று மாதக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தப்பட்டவள் நான். கருத்தடை இலக்கு முடியாத மாதத்தில் சம்பளத்துக்கு அஞ்சி, தயங்கியவளை நானே வற்புறுத்தியிருக்கிறேன். 1996-ல் இலக்குமுறை கைவிடப்பட்டது. அதற்குப்பிறகும் பெண்கள் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். வற்புறுத்தியிருக்கவே வேண்டாம் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

இன்னொரு பெயரையும் சொல்லாமல் விட முடியாது. போதும்பொண்ணு. பெண் பிறந்தது போதும் என்று வைத்த பெயர். சிறிய குடும்பம் வேண்டும், அதில் ஆண் ஒன்று கட்டாயம் வேண்டும் என்ற இடத்தில் அந்தப் பெயர் கொலையாக மாறியது. பெண்சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. அப்படியும் 2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண்களுக்கு 943 பெண்கள்தான். கோடு ஏறினால் மகிழ்ந்த கைகளில் சில, பெண் என்றதும் தராசுக்கே வரவில்லை. பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிட்டோம். எந்தப் பிள்ளையும் வேண்டும் என்ற மனதைக் கொடுத்து முடிக்கவில்லை.

2018-ல் ஓய்வு பெறும் நாளில், அடுத்து வருபவளிடம் ஒப்படைக்க என் கடைசிப் பதிவேட்டைப் புரட்டினேன். தர்ஷினி, ஹரிணி, கவின், யாழினி. மாமியார் பெயர் இருந்த இடத்தில் மட்டும் அங்கங்கே ஒரு மூக்கம்மாள். இறந்த குழந்தைகள் என்ற பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தேன். சுழியம், சுழியம், சுழியம். நடுவில் ஒரே ஒரு ஒன்று. அந்த வீட்டை எனக்குத் தெரியும், குறைமாதப் பிரசவம். என் அம்மா எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இருந்திருந்தால் அவள் வரிசையில் நான் 2 என்று எழுதியிருப்பேன்.