இராய்ச்சூரில் கூடிய இரு தடங்கள்

கசார்வாடி நிலையத்தில் உள்ளூர் வண்டிக்குக் காத்து நிற்கையில், நில்லாது கடந்து செல்லும் சென்னை வண்டியைக் கண்டு ஒரு கணம் ஊர் நினைவில் ஆழாதார் நம்முள் அரியர். ஆயினும் நம்மை இங்குக் கொணர்ந்து சேர்த்த தடத்தை இட்டவர் யாவர் என நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்தடம் ‘கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே’ என்னும் கம்பெனிக்கு உரியதாய் இருந்தது. 1849இல் இங்கிலாந்துப் பாராளுமன்றச் சட்டத்தால் அமைந்த அக்கம்பெனி, 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பயணி வண்டியை ஓட்டியது. கண்டாலாவிலிருந்து புணே வரை 1858இல் தடம் திறக்கப்பெற்றது. பம்பாய்க்கும் புணேக்கும் இடையே குறுக்கிட்டு நின்ற போர் காட் மலை மட்டும் 1863இல்தான் வழிவிட்டது.

தெற்கே, மதராஸ் ரயில்வே கம்பெனி 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை வண்டி ஓட்டியது. அதன் வடமேற்குத் தடம் அரக்கோணம், குண்டக்கல் வழியே நீண்டது. 1871இல் இரு கம்பெனிகளின் தடங்களும் இராய்ச்சூரில் கூடின. தமிழகத்தையும் மராட்டியத்தையும் இருப்புப்பாதையால் பிணைத்த முடிச்சு அதுவே.

இக்கம்பெனிகளின் பங்குதாரர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில் வாழ்ந்தனர். அவர்தம் முதலுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி உறுதி செய்யப்பட்டிருந்தது. வருவாய் குறைந்தால் அக்குறையை இந்திய மக்களின் வரிப்பணம் ஈடுசெய்தது. அவர்களுக்கு நட்டமென்பதே இல்லை.

மலையைக் குடைந்தவர்களுக்கோ அத்தகைய உறுதி எதுவும் இல்லை. போர் காட் பணியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் விபத்தாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் 1859இல் இறந்ததையும், அவர் மனைவி ஆலிஸ் அப்பணியை ஏற்று நடத்தியதையும் வரலாறு போற்றுகின்றது. கல் சுமந்தவர் பெயர்களை அது குறித்து வைக்கவில்லை.

காலம் கம்பெனிகளையும் விட்டுவைக்கவில்லை. மதராஸ் ரயில்வே 1908இல் தென் மராட்டா ரயில்வேயுடன் இணைந்து, ‘மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே’ ஆயிற்று. பெனின்சுலா ரயில்வே 1925இல் அரசின் நிருவாகத்துக்கு வந்தது. விடுதலைக்குப் பின், 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வேயும் நவம்பரில் மத்திய ரயில்வேயும் தோன்ற, பழம்பெயர்கள் மறைந்தன.

கம்பெனிகளின் பெயரையேனும் ஏடுகள் காத்து நிற்கின்றன. பெயரற்ற உழைப்பாளரை யார் காப்பது? விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் மக்கள், இராய்ச்சூர் வருகையில் பிள்ளைகளுக்கு அவ்விடத்தைக் காட்டி, அவர்கள் கதையைச் சொல்வார்களாக. பிழைப்புத் தேடித் தொலைவு வந்தவர் அருமையை, அவ்வாறே வந்த நாமன்றி வேறு யார் நன்கு அறிவார்?